இறக்கத்தில் வாங்கிய மூச்சு

பிள்ளைகளே, என் வலது அக்குளுக்குக் கீழே இருக்கும் தழும்பைப் பார்த்துச் சின்னவன் அட்டை கடித்ததா என்று கேட்டான். இல்லை. அது கபடியில் வந்தது.

நீங்கள் கைக்குழந்தைகளாக இருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் டிவிசனுக்கும் மேல் டிவிசனுக்கும் போட்டி. கபடி பாடி வந்தவனை நாங்கள் மூன்று பேர் அமுக்கிப் பிடித்தோம். அவன் திமிறியபோது முழங்கால் என் நெஞ்சில் பட்டது. உள்ளே ஏதோ முறிந்த மாதிரி இருந்தது.

"ஒண்ணுமில்ல மச்சான், புடிப்புதான். எண்ணெய் போட்டு இறுக்கிக் கட்டுனா சரியாயிரும்" என்று கூட்டாளிகள் நெஞ்சைச் சுற்றித் துவாயால் இறுக்கிக் கட்டினார்கள். வலி குறைந்தது போல இருந்தது. மிச்ச ஆட்டத்தையும் ஆடினேன். லயத்து வீட்டுக்குப் படியேறும்போது மூச்சு வாங்கியது. இங்கே ஏற்றத்தில் யாருக்குத்தான் வாங்காது? நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுத்தேன். கீழ்மலையில் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை. உங்கள் அம்மாவுக்கும் அந்தப் பக்கமே கொழுந்து பறிக்கிற வேலை. சேர்ந்து இறங்கினோம். பாதி வழியில் நான் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏங்க, ஏத்தத்துல எல்லாருக்குந்தான் மூச்சு வாங்கும். எறக்கத்துல ஒங்களுக்கு ஏன் வாங்குது?"

"பனி... அதான்..."

"பனி எனக்கில்லையா? எங்க, முழுசா ஒரு பேச்சுப் பேசுங்க பாப்போம்."

என்னால் முடியவில்லை. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தது. அம்மா கூடையை அங்கேயே வைத்துவிட்டு, துவாயை அவிழ்த்து, என்னைப் பிடித்து ரோட்டுக்கு இறக்கி, ஆட்டோ பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் "ஹுஸ்ம கன்ன" என்றார். மூச்சை இழுக்கச் சொல்கிறார் என்று புரிந்தது; இழுக்கத்தான் முடியவில்லை. எக்ஸ்ரேயில் விலா எலும்பு உடைந்து நுரையீரலைக் குத்தியிருந்தது. காற்று வெளியே கசிந்து, நுரையீரல் காற்றுப் போன பந்து போலச் சுருங்கியிருந்தது. அக்குளுக்குக் கீழே துளை போட்டுக் குழாய் விட்டார்கள். குழாயின் மறுமுனை தண்ணீர்ப் போத்தலில் இருந்தது. நான் இருமும்போதெல்லாம் அதில் குமிழி வந்தது.

இறுக்கிக் கட்டியது தப்பு, அது மூச்சை இன்னும் அடைக்கும் என்று டாக்டர் சொன்னதை நர்ஸம்மா தமிழில் சொன்னார். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தீங்கன்னா ஒங்க சம்சாரம் தனியாத்தான் ஊட்டுக்குப் போயிருப்பாங்க" என்றும் சொன்னார்.

ஆகவே, நெஞ்சில் அடிபட்டு மூச்சு விட வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ உடனே சொல்லுங்கள். விளையாட்டு முடியட்டும் என்று நிற்காதீர்கள். கட்டுப் போடவும் வேண்டாம்.

இப்போது பெரியவள் பள்ளிக்கூடக் கபடி அணியில் இருக்கிறாள். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போன வாரம் ஆட்டம் முடிந்து, பார்க்கப் போயிருந்த என்னிடம் விலாவில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "ஒண்ணுமில்லப்பா" என்றாள். என் கூட்டாளிகளும் அதைத்தான் அன்று சொன்னார்கள்.

"முழுசா ஒரு பேச்சுப் பேசு பாப்போம்."

"நீங்க வெளையாடுன காலத்துல ஒங்கள ஒருநாள் கூடப் பாடிப்போக விட்டதில்ல, புடிக்க மட்டுந்தான் நிப்பாட்டி வச்சாங்கன்னு அம்மா சொன்னாங்க!"

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம்.