அழுகை நின்ற பிறகு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் நாலாம் வகுப்பிலேயே மின்சார பில்லைப் படிப்பது, வார்டு அலுவலகத்தில் பேசுவது எல்லாம் என் தலையில் விழுந்தன. அம்மாவின் நோயைப் பற்றி டாக்டரிடம் பேசும் வேலையும் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

தங்கை பிறந்த அன்றே இறந்துபோனாள். "நான்தான் கொன்னுட்டேன்" என்று அம்மா மாதக்கணக்கில் அழுதாள். பட்டணத்து நடுவில், கியாக்டடாவில், ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். சில வாரங்களில் அந்தப் பேச்சு நின்றது; அழுகையும் நின்றது. உடம்பு மட்டும் எழவில்லை. ராத்திரி தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, ஒரு குடம் தண்ணீர் தூக்கிவந்தால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவாள்.

நாங்கள் குடியிருந்த தாகேதா வீட்டில் எங்களோடு இருந்த அத்தைக்கு இது பொறுக்கவில்லை. அப்பா அலோன் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனதும், அம்மா காதில் விழும்படியே சொல்வாள்: "அழுவுறதுதான் நின்னுபோச்சுல்ல? அப்புறம் என்ன படுக்கை? மாத்திரை தின்னு மகாராணி ஆயிட்டா." ராத்திரி அப்பா வந்ததும் அவரிடமும் அதையே சொல்வாள்; அவரும் மறுத்துப் பேச மாட்டார். அவருக்குத் தெரிந்த அசதி, படுத்து எழுந்தால் போய்விடுகிற அசதி.

மறுபடி டாக்டரிடம் அம்மாவும் நானும் போனோம். அம்மா பகோ பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவளுடைய பர்மியம் சந்தைக்கு மட்டும்தான் போதும். டாக்டர் என்னைப் பார்த்தே பர்மியத்தில் கேட்டார்.

"அம்மா இன்னும் அழறாங்களா?"

"இல்ல, ஸயா" என்றேன். டாக்டரைப் பர்மியத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"தூக்கம், பசி, அசதியெல்லாம் எப்படி?"

அதைத் தமிழில் அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"எல்லாம் சரியாயிடுச்சு, ஸயா. சோம்பேறித்தனம் மட்டும்தான் பாக்கி."

டாக்டர் சிரித்தார். அதே மாத்திரையை எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. துக்கத்தைக் குறைத்த மருந்து தூக்கத்துக்கும் அசதிக்கும் அதே அளவு கேட்காமல் போகலாம், ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? பத்து வயதுப் பையனின் வாயைப் பார்த்தா ஒரு பெண்ணின் உடம்பை எடைபோடுவது? அத்தையை மன்னித்துவிடலாம், அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அந்த அறையில் படித்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம்.

பஸ்ஸில் அம்மா கேட்டாள்: "என்னடா சொன்னே டாக்டர்கிட்ட?"

"நல்லாயிட்டீங்கன்னு சொன்னேம்மா."

"ம்" என்றாள். சோம்பேறி என்பதற்கான பர்மியச் சொல் சந்தையில்தான் அதிகம் புழங்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் நான் கண்விழித்தபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது. என் பள்ளிக்கூடச் சீருடையான பச்சை லோஞ்சி துவைத்துக் கொடியில் கிடந்தது. அடுப்பருகே அம்மா உதடு வெளுத்துப்போய் நின்றாள். "பாத்தியா, ரோஷம் வந்தா தானா எந்திரிக்கிறா" என்றாள் அத்தை.

எங்கம்மாவுக்கு மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அன்று வகுப்பில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.