ஒரு மோடம், நாற்பது பிள்ளைகள்

அறிவியல் ஆசிரியர் வேலையில் முன்பெல்லாம் ஒரு வசதி இருந்தது: ஆய்வுக்கூடத்தில் சோதனை சொதப்பினால் பழியை அமிலத்தின் மேல் போட்டுவிடலாம். தொண்ணூறுகளின் கடைசியில் கிள்ளான் நகரில் எங்கள் இடைநிலைப்பள்ளிக்கு இணையம் வந்தது. அந்த வசதி போயிற்று. அந்த நாட்களில் வகுப்பெடுத்தவர்களுக்கு நான் பட்ட பாடு புரியும். பிள்ளைகள் சைபர் கஃபேயில் வளர்ந்தவர்கள். நானோ மௌஸைப் பிடித்தாலே உள்ளங்கை வியர்ப்பவள்.

பாதி இதயம்

பள்ளிக்கு இருந்தது ஒரே மோடம், ஒரே தொலைபேசி இணைப்பு. அலுவலகமும் கணினி அறையும் அதைப் பங்குபோட்டுக்கொண்டன. நான்காம் படிவ வகுப்பின் நாற்பது பிள்ளைகளுக்கும் இதயம் துடிப்பதைத் திரையில் காட்டப்போகிறேன் என்று தலைமையாசிரியரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. இருபது நிமிஷத்தில் மேலறைகள் இரண்டும் தெரிந்தன. அந்த நேரம் பார்த்து அலுவலகத்தில் யாரோ போனை எடுக்க, இணைப்பு அறுந்தது. தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வகுப்பிலேயே கணினி நன்றாகத் தெரிந்த திலகா முன்வரிசையில் இருந்தாள். என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னாள்: "இதயம் பாதியிலேயே நின்னு போச்சு டீச்சர். பரவால்ல லா, மறுபடி டயல் பண்ணலாம்."

சிவந்த இலைகள்

மரங்கள் இலை உதிர்ப்பதைப் பற்றி எழுதி வரச் சொன்னேன். திலகா நான்கு பக்கம் அச்செடுத்து வந்தாள். அக்டோபரில் இலைகள் சிவந்து, குளிர் தொடங்கியதும் விழும் என்று அதில் இருந்தது. அவளுடைய மாமா டெங்கில் என்ற ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்பவர். அங்கே வறண்ட மாதங்களில் மரங்கள் மொட்டையாக நிற்பதை அவளே பார்த்திருப்பாள். "கிள்ளான்ல எந்த அக்டோபர்ல குளிர் வந்துச்சு?" என்று கொஞ்சம் குத்தலாகவே கேட்டேன். அவள் முகம் சுளிக்கவில்லை. "தேடிப் பாத்தேன் டீச்சர். நம்ம மரத்தப் பத்தி இன்டர்நெட்ல யாருமே எழுதல."

சனிக்கிழமை

பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று, வீட்டுப் பொருட்களை வைத்துச் செய்யும் சோதனை ஒன்றை இணையத்தில் தேடிச் செய்து பார்க்கச் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டில் போன் அடித்தது. லோரி ஓட்டும் திலகாவின் அப்பா பேசினார்: "நீங்க சொன்ன சோதனையச் செய்யும்போது பிள்ளைக்கு மூச்சு விட முடியாம போச்சு டீச்சர். கிள்ளான் ஆஸ்பத்திரில இருக்கோம்."

கொமுட்டர் ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். எந்தெந்தப் பொருள் சேர்ந்தால் எந்த வாயு வரும், அது நுரையீரலை என்ன செய்யும் என்று வருஷக்கணக்கில் பாடம் நடத்தியவள் நான். தெரியாமல் இருந்திருந்தால் அந்த முக்கால் மணி நேரம் இவ்வளவு நீண்டிருக்காது. வேலை போகும் என்ற பயம் ஷா ஆலம் ஸ்டேஷன் வரை இருந்தது. அதற்கப்புறம் அந்தப் பிள்ளையின் முகம் மட்டும்தான்.

ப்ளீச்சில் மையின் நிறம் போவதைப் பார்க்கும் சோதனை அது. சீக்கிரம் போகட்டும் என்று திலகா கழிவறை கழுவும் அமிலத் திரவத்தையும் ஊற்ற, குளோரின் வாயு கிளம்பியிருக்கிறது. ஆக்ஸிஜன் முகமூடியோடு கிடந்தவள் என்னைப் பார்த்ததும் கையை மட்டும் தூக்கினாள். ஆபத்தில்லை, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். நான் அவள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தலை குனிந்தார். "டீச்சர் கொடுத்த பாடம், இன்டர்நெட்ல வந்தது, சரியாத்தான் இருக்கும்னு நானும் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

கையெழுத்து

திங்கட்கிழமை நடந்ததைத் தலைமையாசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன். எழுத்து மூலம் விளக்கம் கேட்டார், கொடுத்தேன். இனி நான் படித்துக் கையெழுத்துப் போடாத சோதனையை யாரும் தொடக்கூடாது என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். ஆசிரியர் அறை வாசலில் தாளும் கையுமாகப் பிள்ளைகள் நின்றார்கள். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தேன். சர்க்கரை கரைவதைப் பற்றிய தாளைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

ஒரு வாரம் கழித்துத் திலகா வந்தாள். குரல் இன்னும் கரகரத்தது. உப்பைக் கரைத்துப் படிகம் வளர்க்கும் சோதனையை நீட்டினாள். அதையும் இரண்டு தடவை படித்துவிட்டு, மூன்றாம் தடவை முதல் வரியிலிருந்து தொடங்கினேன். அவள் பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தாள். "பயப்படாம போடுங்க டீச்சர். நீங்க போடலன்னா எங்கப்பா என்னை அடுப்படிக்கே விடமாட்டாரு."

பிள்ளைகளுக்குத் தேடத் தெரிந்திருந்தது, எனக்குப் பயப்படத் தெரிந்திருந்தது. இரண்டையும் சேர்த்து ஒருவழியாக அந்த வருஷப் பாடத்திட்டத்தை முடித்தோம்.