செத்த சமையல்காரர் திறந்த கதவு

புரூஃப் அக்கா இதுவரை முந்நூற்றுச் சொச்சம் கொலைகளைப் பார்த்திருக்கிறாள். எல்லாம் அச்சகத்தின் பின்னறையில், ஒரு கால் ஆடும் மேசையில், சிவப்புப் பேனாவும் கையுமாக. மாதம் ஒரு துப்பறியும் நாவல் போடும் அச்சகம் அது. எழுத்துப் பிழை திருத்துவது அக்காவின் வேலை. பதினோரு வருடமாக இதே நாற்காலிதான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கணவர் கேட்பார், "இன்னைக்கு எத்தனை பிணம்?" அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே கணக்குச் சொல்வாள்.

ஆனால் கொலைகாரன் யாரென்று கேட்டால் முழிப்பாள். காரணம் அவள் வேலை செய்யும் விதம். கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குத்தான் படிப்பாள். முன்னாலிருந்து படித்தால் கதை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவிடும், பிழைகள் கண்ணில் படாது. பின்னாலிருந்து படித்தால் கதை மனசில் நிற்காது, எந்த எழுத்தும் தப்பாது.

அந்த மாதம் வேறொன்று தப்பிவிட்டது.

கண்டுபிடித்தவர் பைண்டர் அண்ணன். பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு தாளைப் பாரம் என்பார்கள். ஐந்து பாரங்கள் அச்சாகி வந்துவிட்டன. அவற்றை மடித்துக்கொண்டே முன்னாலிருந்து படித்துக்கொண்டிருந்தார் அண்ணன். மத்தியானம் அக்காவின் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, இந்தச் சமையல்காரரை மூணாம் அத்தியாயத்துலயே கிணத்துல தள்ளிட்டாங்கல்ல?"

"ஆமா."

"அப்புறம் ஒம்பதுல வந்து கதவைத் திறக்கிறாரே. துப்பறிவாளருக்கு டீ வேற போட்டுத் தர்றாரு. ஈரத்துணியோடவா வந்தாரு?"

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். முதல் பத்து அத்தியாயங்களும் ஒரே கட்டாக வந்திருந்தன. அவள் வழக்கம்போலப் பின்னாலிருந்து படித்திருந்தாள். அவள் படித்த வரிசையில் அந்த மனிதர் முதலில் டீ கொடுத்தார், பிறகு செத்தார். ரொம்ப நியாயமாக இருந்தது.

போன வருடம் ஒரு துப்பறிவாளரின் மீசை நடுவில் காணாமல் போனதற்கே முதலாளி குதித்திருந்தார். "இன்னொரு தடவை இப்படி நடந்தா என் மருமக அந்த நாற்காலியில உக்காருவா" என்று சொல்லியிருந்தார். மருமகள் சும்மாதான் இருந்தாள். நாற்காலியையும் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். அக்காவுக்கு வேறு வேலை தெரியாது.

அச்சான பாரங்களை இனி மாற்ற முடியாது. முதலாளி முழுப் புத்தகமும் தைத்து வந்த பிறகுதான் படிப்பார். அதற்குள் கதையின் முடிவில் ஏதாவது செய்து இதைச் சரிக்கட்ட வேண்டும். ஆனால் முடிவு வரவே இல்லை. பதினேழு அத்தியாயம் கொடுத்துவிட்டு, கடைசி இரண்டைக் கொடுக்காமல் கதாசிரியர் காணாமல் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. போனை எடுக்கவில்லை. வீட்டில் பூட்டு.

கதைகளில் வரும் துப்பறிவாளர்கள் இந்த இடத்தில் சன்னலோரம் நின்று புகையை ஊதியபடி மூன்று பக்கம் யோசிப்பார்கள். அக்கா பதினேழாம் அத்தியாயத்தைத் திருப்பிப் பார்த்தாள். கதாசிரியர் புதுத்தாளில் எழுத மாட்டார். அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பழைய தாள்களின் பின்பக்கம்தான் எழுதுவார். எப்போதும் மகனின் கேள்வித்தாளாக இருக்கும். இந்தத் தடவை அச்சடித்த படிவம். "பெயர்: டைகர். வயது: 3. குறை: சோப்பை விழுங்கியது." கீழே ஒரு கால்நடை மருத்துவரின் முகவரி.

அரை மணி நேரத்தில் அக்கா அங்கே இருந்தாள். கட்டுப்போட்ட ஒரு பூனைக்கும் கோபமான ஒரு வாத்துக்கும் நடுவில், கதாசிரியர் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் அவருக்கு மச்சானாம்.

"இங்க ஏன் சார் உக்காந்திருக்கீங்க?"

"இங்கதாம்மா கதை எப்ப முடியும்னு யாரும் கேக்க மாட்டாங்க." வாத்து அவர் சட்டையைக் கொத்தியது. அவர் தள்ளி உட்கார்ந்தார். "யாரு கொலகாரன்னு எனக்கே தெரியல. சந்தேகப்பட ஆறு பேர் வச்சிருந்தேன். ஆறு பேரையும் கொன்னுட்டேன்."

"ஏன் சார்?"

"பக்கம் நிரம்பணுமே."

அக்கா சட்டென்று கேட்டாள். "சமையல்காரரோட பிணம் கிடைச்சுதா?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். "கிணத்தோரம் ஒரு செருப்பு கிடைச்சுது. அதோட அத்தியாயம் முடிஞ்சுது."

"துப்பறிவாளர் அவரை முன்னாடி பாத்திருக்காரா?"

"இல்லையே, அவர் நாலாம் அத்தியாயத்துலதானே வர்றார்."

"அப்ப அந்த ஆள் சாகல. செத்த மாதிரி செருப்பைப் போட்டுட்டு ஒளிஞ்சுட்டார். ஒம்பதுல அவரே கதவைத் திறந்து டீயும் கொடுத்தார். அவர்தான் கொலகாரர்."

கதாசிரியர் வாயைப் பிளந்தார். "நான் ஒம்பதுல அவரை வச்சு கதவைத் திறந்தேனா?"

"திறந்தீங்க. அச்சாயிடுச்சு."

"சரி, ஆனா எதுக்காகக் கொல்றாரு? சொத்துகூட இல்லையே அவருக்கு."

அக்கா வாத்தைப் பார்த்தபடி சொன்னாள். "பதினோரு வருஷம் அந்த வீட்டுக்குச் சமைச்சுப் போட்டிருக்கார். ஒருத்தர்கூட ஒரு நாளும் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. உப்பு கூடினா மட்டும் கூப்பிட்டுத் திட்டுவாங்க."

"இதுக்குப் போய்க் கொலை பண்ணுவாங்களாம்மா?"

"ஒரு தடவை அப்படி வேலை பாத்துட்டு வந்து சொல்லுங்க சார்."

கதாசிரியர் மேசையிலிருந்த படிவக் கட்டை இழுத்துக்கொண்டு அங்கேயே எழுத ஆரம்பித்தார். மாலைக்குள் இரண்டு அத்தியாயமும் முடிந்தன. அக்கா கையோடு வாங்கி வந்தாள்.

புத்தகம் வெளியான பிறகு வாசகர் கடிதங்கள் குவிந்தன. கொலைகாரனை ஒன்பதாம் அத்தியாயத்திலேயே கண்ணெதிரே நிறுத்திவிட்டு ஏமாற்றிவிட்டீர்களே என்று பாதிப்பேர் புகழ்ந்தார்கள், பாதிப்பேர் திட்டினார்கள். முதலாளி ஒரு கடிதத்தை அக்காவின் மேசையில் வைத்துத் தட்டினார்.

"பாத்தியா? இதுக்குப் பேர்தான் மூளை. எழுத்தாளன்னா சும்மாவா! ஆமா, எழுபதாம் பக்கத்துல ஒரு எழுத்துக்குக் கால் விட்டுப்போச்சே, அதைப் பாக்கலையா நீ?"

"இனிமே பாத்துக்கறேன் சார்" என்றாள் அக்கா. அறைமூலையில் பைண்டர் அண்ணனுக்கு இருமல் வந்தது. அது வெகுநேரம் ஓயவில்லை. நாற்காலி அவளிடமே இருந்தது.

அடுத்த மாதக் கட்டு வந்தபோது மேலே ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. "அம்மா, இதில் ஏழு பேர் செத்திருக்கிறார்கள். ஒருவர் பிணமும் கிடைக்கவில்லை. கொலைகாரனாக யார் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்."

அக்கா சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "பெயர்: டைகர். வயது: 3. குறை: மறுபடியும் சோப்பு."