புரட்டாசியில் பரணேறிய உப்பு ஜாடி

எனக்கு முதலில் போனது தைராய்டு. அதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். சில வருஷம் கழித்து உடம்பு கறுக்க ஆரம்பித்தது. உள்ளங்கை ரேகைகூடக் கறுத்தது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவே கூடி வெயில்தான் காரணம் என்று முடிவு செய்தது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் என் கணவர், "வண்டி ஓட்டறச்சே கிளவுஸ் போட்டுக்கோ" என்றார். உள்ளங்கையில் வெயில் எப்படிப் படும் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை.

கூடவே உப்பு ஆசை வேறு. அடுப்படியில் யாருமில்லாதபோது கல்லுப்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். மாவடுவை விட்டுவிட்டு அதன் தண்ணீரைக் குடிப்பேன். மானம் போகிற விஷயம் என்று எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை.

நான் இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்த மாமியார் பெருமாளிடம் வேண்டிக்கொண்டார். கும்பகோணத்துப் பக்கம் உப்பில்லாமல் அமுது செய்யும் பெருமாள் ஒருவர் உண்டு. அவருக்காக எங்கள் அகத்தில் மாதாமாதம் திருவோணத்தன்று உப்பில்லாத தளிகைதான். உப்பு ஜாடி பரணுக்குப் போய்விடும். மாமியார் அந்த விரதத்தை அந்த வருஷம் புரட்டாசி முழுவதற்கும் நீட்டினார், எனக்கும் சேர்த்து.

"பல்லைக் கடிச்சிண்டு இரு. ஒடம்பு தேறிடும்" என்றார்.

நானும் நம்பினேன். பரண் பக்கம் போகவே இல்லை.

மாதம் பாதி தாண்டவில்லை. துளசிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே விழுந்தேன். கண் திறந்தபோது புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பாட்டிலிலிருந்து கைக்கு ஏறிக்கொண்டிருந்தது உப்புத் தண்ணீர்.

"கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ரெண்டு சுரப்பி இருக்குங்க" என்றார் டாக்டரம்மா. "உங்க எதிர்ப்புச் சக்தியே அதை அழிச்சிருக்கு. உடம்புல உப்பைப் பிடிச்சு வைக்கிறது அதோட ஹார்மோன்தான். நீங்க கறுத்ததும் அது போனதாலதான்."

"தைராய்டையும் அதுதானே தின்னது? கை, கால்னு இத்தனை இருக்கச்சே சுரப்பியாப் பாத்து ஏன் போறது?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு சுரப்பியும் ஹார்மோன் செய்யறதுக்குன்னே சில புரதம் வச்சிருக்கும். வேற எங்கயும் அது இருக்காது. எதிர்ப்பு அணுக்களுக்கு, இது நம்மளது, தொடாதேன்னு உடம்பு முதல்லயே பழக்கி விடும். இந்த மாதிரி அபூர்வமான புரதத்தைச் சரியாப் பழகாமலே சில அணுக்கள் வெளிய வந்துடும். சுரப்பிக்கு ரத்த ஓட்டமும் ஜாஸ்தி, சுலபமா அங்க போயிடும். முழுக் காரணம் எங்களுக்கே இன்னும் தெரியாதுங்க."

தனக்கென்று ஒரு கைவேலை வைத்திருந்ததுதான் அதுகள் செய்த குற்றம் போலிருக்கிறது. எனக்கு அந்தச் சுரப்பிகளின் மேல் பாவமாக இருந்தது.

"என்ன சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டார் டாக்டர். நான் வாயைத் திறப்பதற்குள், கட்டிலருகே நின்ற மாமியார் சொன்னார்: "உப்பில்லாம. நான்தான் போட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, ஒரு வேளைகூட விடக் கூடாது, உப்பை நிறுத்தவே கூடாது என்றார். வீடு திரும்பிய பிறகும் மாமியார் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அடுத்த திருவோணம் வந்தது. உப்பு எப்படிக் கேட்பது என்று கூசிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன். ஜாடி என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

"பெருமாள்கிட்ட சொல்லிட்டேன்" என்றார் மாமியார்.

"என்ன சொன்னேள்?"

"அவ உப்புப் போட்டுப்பா, கோச்சுக்கப்படாது. அவ பங்குக்கும் நான் உப்பில்லாம இருக்கேன்னு."

அவரே ஜாடியைத் திறந்து என் சாதத்தில் உப்பைத் தூவினார். கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.