கறுப்பு டப்பாக்களும் என் மணி பிளான்ட் பாட்டிலும்

சனிக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு புரொஃபசர் கொசுப்புழுவைக் கண்டுபிடித்தார்!

அதுவும் கொசு ஆராய்ச்சி செய்கிற டாக்டரின் வீட்டில்! (அந்த டாக்டர் என் அம்மா.)

போர்வைக்குள் ஃபோன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துத் தட்டுகிறேன். அம்மா விழித்துக்கொண்டால் ஃபோனும் போச்சு, நானும் போச்சு. ஆனால் இதைச் சொல்லாமல் தூக்கம் வராது.

அம்மா இங்கே அந்தமானில், போர்ட் பிளேரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பொது சுகாதாரம் சொல்லித்தருகிறார். கான்ட்ராக்ட் வேலை. இளம் ஆசிரியர்களுக்குக் கைகொடுக்க அங்கே ஒரு திட்டம் இருக்கிறது. ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் பணம் தருவார்கள். வழிகாட்ட மெயின்லேண்டிலிருந்து ஒரு சீனியர் புரொஃபசர் வருவார். களப்பணியைப் பார்ப்பார், வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்பார். அவர் சரி என்றால் ஆராய்ச்சியும் வேலையும் தொடரும்.

இல்லையென்றால்?

"மெயின்லேண்ட்ல வேலை தேடிக்க வேண்டியதுதான். நீயும் என்கூட வந்துரு. அப்பா இங்கயே இருக்கட்டும்" என்று அம்மா முன்பே சொல்லிவிட்டார். அப்பாவுக்கு சாத்தம் படகுத் துறையில் வேலை. விட்டுவிட்டு வர முடியாது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சூட்கேஸைப் பரணிலிருந்து இறக்கி வேறு வைத்துவிட்டார்கள்!

நாங்கள் இருக்கும் டாலிகஞ்ச் பகுதியில் எங்கள் சந்துக்குக் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. எல்லா வீட்டிலும் டிரம், வாளி, குடம். அங்கே கொசு எந்த இடத்தில் அதிகம் முட்டையிடுகிறது என்பதுதான் அம்மாவின் ஆராய்ச்சி. வீட்டுக்கு வீடு ஒரு கறுப்பு டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். கொசு அதில் முட்டையிடும். புழு கொசுவாகிப் பறப்பதற்குள் மாணவர்கள் வந்து எண்ணி எடுத்துப் போவார்கள்.

சனிக்கிழமை அந்த சீனியர் புரொஃபசர் மேடம் வந்தார். மதுரைக்காரர். நானும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டேன்.

முதல் வீடு, மளிகைக் கடை வைத்திருக்கும் ரஜியா லாத்தா (லாத்தா என்றால் அக்கா) வீடு. டப்பாவைக் காணோம்!

"லாத்தா, டப்பா எங்க?"

"தேய்ச்சுக் கழுவி வெயில்ல கவுத்திருக்கேன் டாக்டரம்மா! மெயின்லேண்ட்ல இருந்து பெரிய மேடம் வர்றாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அவங்க முன்னால உங்க மானம் போயிரக் கூடாதுல்ல? ஏக் பி மச்சர் நஹி மிலேகா!"

(ஒரு கொசு கூடக் கிடைக்காதாம். அதானே பிரச்சினை!)

"நீங்க மட்டும்தானே லாத்தா கழுவுனீங்க?" அம்மா அடுத்த வீட்டை எட்டிப் பார்த்தார்.

"அரே, நான் விடுவேனா? சந்து பூரா சொல்லிட்டேன். சப் சாஃப், எல்லாம் சுத்தம்!"

உண்மைதான். எல்லா வீட்டிலும் பினாயில் வாசனை. ஒரு வீட்டில் டப்பாவில் ரோஜாச் செடி நட்டு, சிரித்துக்கொண்டே காட்டினார்கள்.

அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேடம் நோட்டை மூடிவிட்டார். எனக்கு சூட்கேஸ்தான் கண்ணுக்குள் வந்தது.

டீ குடிக்க எங்கள் வீட்டுக்கு வந்தோம். மேடம் கை கழுவச் சமையலறைக்குள் போனார். நெடுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தால், ஜன்னலோரம் இருந்த மணி பிளான்ட் பாட்டிலுக்கு ஃபோனில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்!

"இது யாரோடதும்மா?"

"எ... என்னோடது மேடம்."

"தண்ணி மாத்துறதே இல்லையா?"

உள்ளே புழுக்கள் டான்ஸ் ஆடிக்கொண்டிருந்தன. அம்மா டீத்தட்டோடு வாசலில் அப்படியே நின்றுவிட்டார். அந்த நிமிஷம் நான் மனசுக்குள் கப்பலே ஏறிவிட்டேன்.

மேடம் சிரிக்க ஆரம்பித்தார். சும்மா இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்!

"டாக்டர், ஊரெல்லாம் தேடினோம், சரக்கு இங்கல்ல இருக்கு!"

பிறகு உட்கார்ந்து, மெதுவாகத்தான் கேட்டார். "உங்களுக்காக ஒரு சந்தே உக்காந்து கழுவியிருக்கு. இந்தப் பிரியம் எல்லாருக்கும் கிடைக்காது. ஆனா அந்த டப்பா எதுக்குன்னு அவங்களுக்குப் புரியிற மாதிரி சொன்னீங்களா?"

"சம்மதப் பத்திரத்துல கையெழுத்து வாங்குறப்ப படிச்சுக் காட்டினேன் மேடம்."

"சரி, உங்க பொண்ணுகிட்ட?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் பாட்டிலைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே அம்மா அந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு லாத்தா கடைக்குப் போனார். புழுவைக் காட்டி, எதற்காக எண்ணுகிறோம், எண்ணினால் யாருக்கு டெங்கு வராமல் தடுக்கலாம் என்று கதை மாதிரி சொன்னார். சந்தே கூடிவிட்டது.

லாத்தா கையை விரித்தார். "அட அல்லாவே, இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல! இனிமே நாங்க தொடவே மாட்டோம்!"

இன்று காலை அம்மாவின் வகுப்பு. வழக்கமாக ஸ்லைடு ஸ்லைடாக வாசிப்பார் (வீட்டில் ஒத்திகை பார்ப்பார், நான் தூங்கியிருக்கிறேன்). இன்று புரொஜெக்டரையே போடவில்லையாம்! பாட்டிலை மேஜையில் வைத்து, "இது எங்க கிடைச்சிருக்கும்?" என்று கேட்டிருக்கிறார்.

சாக்கடை என்றார்களாம். பழைய டயர் என்றார்களாம்.

"என் வீட்டு கிச்சன்" என்றதும் வகுப்பே அதிர்ந்ததாம். கடைசி வரிசையில் மேடம்தான் முதலில் கை தட்டினாராம்.

மதியம் துறைத் தலைவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். டப்பாக்களைப் புதிதாக வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் ஆராய்ச்சி தொடரும். அம்மாவின் வேலையும்!

அம்மா வந்து சொன்னதும் அப்பா எழுந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, சூட்கேஸைப் பரணில் ஏற்றிவிட்டுத்தான் கீழே இறங்கினார்.

நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். (தண்ணீர் வரவில்லை. சத்தம் வெளியே கேட்டிருக்கும்.)

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஒரு கவலைதான். என் பாட்டிலில் கல்லூரிக்காரர்கள் ஆராய்ச்சி சாம்பிள் என்று நம்பர் ஒட்டிவிட்டார்கள். இனி திரும்பக் கிடைக்காது போல!

சரி, நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டு மணி பிளான்டுக்குக் கடைசியாக எப்போது தண்ணீர் மாற்றினீர்கள்?