இடது பக்கம் இழுக்கும் வண்டி

போன வாரம் இந்தப் பக்கத்தில் ஏன் என்னைக் காணவில்லை என்று சிலர் போன் செய்து கேட்டார்கள். கிள்ளானில் ஒரு சாவு. என் நண்பன் குணாவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தேன். இந்த வாரம் மட்டும் வேறு எதைப் பற்றி எழுதுவது?

குணா போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டினான். வாரம் முழுக்க லோரி... ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்க்ராம்பளர். சேறு, மணல், மேடு, பள்ளம் எல்லாவற்றிலும் தாவிப் போகிற மோட்டார் சைக்கிள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நான் என் பழைய வண்டியில் போய்விடுவேன். கிள்ளானை அடுத்த மேரு பக்கத்துச் செம்மண் பாதைகளில் இருவரும் சுற்றுவோம். அவன் கிளப்பிய தூசி அடங்கிய பிறகுதான் நான் போய்ச் சேருவேன்.

அப்படிப்பட்டவன் திடீரென்று விழ ஆரம்பித்தான். குழியில் இறங்கினால் போதும். ஹேண்டில் கையைவிட்டு நழுவும், வண்டி இடது பக்கம் சாயும். எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு முன் சக்கரத்தை முறைப்பான்.

"முன்பக்கம் சரியில்லலா. இடது பக்கம் இழுக்குது" என்றான்.

வைத்தியம் தொடங்கியது — வண்டிக்கு. முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் கால்களிலும் கெட்டியான எண்ணெய் ஊற்றினான். பிறகு ஸ்பிரிங்கை மாற்றினான். ஹேண்டில் திரும்பும் கழுத்தில் புது பேரிங் போட்டான். டயரையும் விடவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முதல் கொஞ்ச தூரம் முகம் மலர்ந்திருக்கும். அப்புறம்... அதே இடது பக்கம்.

கடைசியில் ஃபோர்க்கையே மாற்றினான். பந்தயத்தில் ஓடிய ஒரு பெரிய வண்டியின் தடித்த ஃபோர்க். கிள்ளான் ஒர்க்‌ஷாப்பில் அதைப் பொருத்துவதற்குள் பட்டறைக்காரருக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. முடிந்ததும் பார்க்க வேண்டுமே! வண்டி நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

அந்த ஞாயிறும் விழுந்தான். பெரிய குழிகூட இல்லை.

"நீ ஒரு தடவ ஓட்டிப் பாரு" என்று சாவியை நீட்டினான்.

ஓட்டினேன். அப்படியொரு வண்டியை அதற்கு முன்னும் பின்னும் நான் ஓட்டியதில்லை. குழி இருந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. மணலில் கோடு கிழித்த மாதிரி போனது. திரும்பி வரும் வழியிலேயே அந்தக் கேள்வி வந்துவிட்டது. வண்டியில் கோளாறே இல்லையென்றால்...?

குணா ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்தான். பொய் வாயில் வரவில்லை.

"நேராத்தான் போகுதுடா" என்றேன்.

அவன் தன் இடது கையைத் தூக்கி, விரல்களை மடக்கி, விரித்துப் பார்த்தான். மடக்கியது முழுதாக மடங்கவில்லை.

"அப்ப இழுக்குறது நான்தான் போல" என்றான்.

கை என்று ஒப்புக்கொண்டால் லோரியும் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியாதா? அதனால்தான் அத்தனை மாதமும் கையைப் பார்க்காமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நரம்பு சம்பந்தப்பட்டது, மருந்து கிடையாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கை, பிறகு கால், அதன் பிறகு பேச்சு. வரிசையாக எடுத்துக்கொண்டே போனது.

பேச்சு குழறத் தொடங்கிய சமயத்தில் என்னைக் கூப்பிட்டு, ஃபோர்க் ஸ்பிரிங்கைக் கழற்றி மெல்லியதாகப் போடச் சொன்னான். நான் அவனைவிட ஒல்லி. என் எடைக்கு அந்த முன்பக்கம் விறைப்பாக இருக்குமாம். அப்படித்தான் வண்டியை எனக்குக் கொடுத்தான். வேண்டாமென்று சொல்ல என்னால் முடியவில்லை.

சடங்கெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, அவன் மனைவி சரோஜா எனக்குக் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, நான் வண்டியை ஓட்டிப் பார்த்த அந்த ஞாயிறு வரைக்கும் கோளாறு கையில்தான் என்று யாருக்கும் தெரியாமல் போய்விட்டதே என்றேன்.

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும் அண்ணே. ரொம்ப நாளா அவரு சட்டைக்கு நான்தான் பட்டன் போட்டு விட்டுக்கிட்டிருந்தேன். அதப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கிட்டதே இல்ல. ஒவ்வொரு சாமானா அவரு வாங்கிட்டு வந்து மாட்டும்போதும், ஸ்பேனர எடுத்துக் குடுத்துட்டு, சாமி முன்னாடி நின்னு, கோளாறு வண்டியிலதான்னு ஆயிடணும்னு வேண்டிக்குவேன்."

கோப்பி ஆறிப்போனது.

உண்மையைத் தெரிந்துகொண்டும் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொடுப்பது... அதுவும் ஒரு குடும்பம் நடத்துவதுதான்.