கூட்டுக்கு வந்த வேறு சிட்டு

இதை அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை.

எங்கள் திண்ணையில் புதிதாக இழுத்த கரண்ட் கம்பியில் தேன்சிட்டு கட்டியிருந்த கூட்டை, குப்பை என்று நினைத்து அண்ணி ஒட்டடைக்கோலால் தட்டிவிட்டார். உள்ளே இரண்டு குஞ்சுகள் உயிரோடு இருந்தன. நான் கூட்டை நூலால் பழையபடி கட்டினேன்.

அண்ணி மாசமாக இருக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "தாய் வராம இதுக செத்துச்சுன்னா, அந்தப் பாவம் என் கொழந்தையச் சும்மா உடுமா புள்ள?"

கொஞ்ச நேரத்தில் ஒரு சிட்டு வந்து கம்பியில் உட்கார்ந்தது.

"வந்துருச்சு பாரு புள்ள." அண்ணியின் முகம் தெளிந்தது.

நான் உற்றுப் பார்த்தேன். அதற்குத் தொண்டையிலிருந்தே மஞ்சள். எங்கள் கூட்டுக்காரிக்குத் தொண்டை வெள்ளை, வயிறு மட்டும்தான் மஞ்சள். வந்தது வேறு சாதி.

"ஆமாங்க அண்ணி" என்றேன்.

அவர் சோறாக்கப் போனார். அந்தச் சிட்டு செம்பருத்திக்குப் போய்விட்டது. குஞ்சுகளின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. நான் தூணை விட்டு நகரவில்லை.

வாசலில் வெயில் ஏறிய பிறகுதான் வெள்ளைத் தொண்டைக்காரி அலகில் புழுவோடு வந்து கூட்டுக்குள் தலையை விட்டாள்.

"அதுதான் அப்பவே வந்துருச்சே, இப்ப எதுக்குப் புள்ள அழுவற?" என்று கேட்டார் அண்ணி.

கண்ணில் ஒட்டடை விழுந்துவிட்டது என்றேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?